அளந்து உறையிட்டு வரும் டயட் சாப்பாடு: எடையைக் குறைக்க அதில் சேர்வது தகுமா?

இரவுப்பணியாளர்:

வணக்கம் நண்பர்களே. எனக்கு வயது 41. உயரம் 168 சென்டிமீட்டர், எடை 94 கிலோ. உடல் நிறைக் குறியீடு 33-ஐத் தாண்டிவிட்டது. வாரத்தில் நான்கு இரவுகள் வேலை. விடிந்து வீடு திரும்பும்போது பசியும் அசதியும் சேர்ந்தே வருவதால், கைக்குக் கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறேன். நானாகவே சாப்பாட்டைக் குறைத்து இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் மூன்றாவது வாரத்தைத் தாண்டவில்லை.

இப்போது, மூன்று வேளைச் சாப்பாட்டையும் கலோரி கணக்கிட்டு, உறையிட்டு, வீட்டுக்கே அனுப்பிவைக்கும் ஒரு டயட் திட்டத்தில் மூன்று மாதம் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். சேர்ந்தால் எடை இறங்கும் என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. நாளொன்றுக்கு 1,200 முதல் 1,500 கலோரிக்குள் சாப்பிட்டால் என் உடம்புக்கு இறங்கத்தான் செய்யும். என் கேள்வி அதற்கு அடுத்தது. கடைசிப் பெட்டியும் தீர்ந்த மறுநாள் என்ன ஆகும்? இதில் சேர்ந்து முடித்தவர்கள், முடிக்காமல் விட்டவர்கள், இந்தத் துறையை அறிந்தவர்கள் ஆகிய எல்லோரும் மனம் திறந்து சொன்னால் எனக்குப் பேருதவியாக இருக்கும்.

ஏழாம்படி:

முடித்தவன் என்ற முறையில் முதலில் நான் சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதத்தில் எனக்கு 11 கிலோ இறங்கியது. அடுத்த 14 மாதத்தில் அதில் 8 கிலோ திரும்பி வந்துவிட்டது. இரண்டும் ஏன் நடந்தன என்பதைப் பல நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஐந்து மாதமும் நான் செய்த ஒரே வேலை, தட்டின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளை ஒரு மூலையில் உரித்து, நான்கு நிமிடம் சூடுபடுத்திச் சாப்பிட்டதுதான். எதைச் சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது, இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொள்ளலாமா என்ற எந்தக் கேள்வியும் எழவில்லை, ஏனென்றால் அங்கே இன்னொரு கரண்டியே கிடையாது. பாத்திரத்தில் மீதம் இருந்தால் அல்லவா கை போகும்? முதல் பத்து நாள் பசித்தது. அதன் பிறகு பசி அடங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அது எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்துவிட்டதால் தாங்கிக்கொள்ள முடிந்தது.

திட்டம் முடிந்த முதல் நாள் வீட்டுச் சாப்பாட்டின் முன் உட்கார்ந்தபோது, எனக்கு எவ்வளவு போட்டுக்கொள்வது என்றே தெரியவில்லை. ஐந்து மாதம் ஒரே அளவைச் சாப்பிட்டும் அந்த அளவு கண்ணில் பதியவில்லை. ஆழம் குறைந்த கறுப்புத் தட்டில் பார்த்த சாப்பாட்டை அகலமான வீட்டுத் தட்டில் எங்கே தேடுவது? முதல் வாரம் பயந்து பயந்து குறைவாகப் போட்டேன், இரண்டாம் வாரம் கொஞ்சம் தாராளமாக, மூன்றாம் மாதம் பழையபடியே. எடை கூடுவது தெரிந்தும் எடைக்கருவியில் ஏறாமல் ஒத்திப்போட்டது நான் செய்த அடுத்த தவறு.

ஆகவே, இதில் சேர்ந்தால் பணம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நான் சேர்ந்த விதத்தில் நீங்கள் சேரக் கூடாது. இரண்டாம் முறை வேறு விதமாகச் செய்தேன். அதைப் பிறகு எழுதுகிறேன்.

தராசுமுள்:

உணவியல் ஆலோசனை என் தொழில். எந்தத் திட்டத்தையும் நான் விற்பதில்லை. ஏழாம்படி எழுதியதில் 'இன்னொரு கரண்டியே கிடையாது' என்ற சொல்லில்தான் இந்தத் திட்டங்களின் பலம் முழுவதும் இருக்கிறது என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நாம் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது நமக்கே சரியாகத் தெரிவதில்லை. 1992-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 1,200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று வருந்திய பத்துப் பேரின் ஆற்றல் செலவை ஆய்வுக்கூடத்தில் நேரடியாக அளந்தார்கள். அவர்களுடைய வளர்சிதை மாற்றத்தில் குறை எதுவும் இல்லை. உண்மையில் உண்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவாகவும், உடலுழைப்பை 51 சதவீதம் கூடுதலாகவும் அவர்கள் கணக்குச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சமைத்த உணவைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவது அவ்வளவு கடினம். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி இருப்பதால், வாணலியில் கூடுதலாகச் சாய்ந்த ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் மட்டுமே ஏறத்தாழ 120 கலோரியைச் சேர்த்துவிடும். தட்டில் அது தெரியாது. உறையிட்ட சாப்பாடு இந்த மதிப்பீட்டு வேலையை உங்கள் கையிலிருந்து எடுத்துவிடுகிறது.

பலன் பற்றிக் கேட்டால், உறையிட்ட உணவோடு ஆலோசனையும் தரும் ஜென்னி க்ரெய்க் என்ற வணிகத் திட்டத்தைப் பற்றி 2010-இல் வெளியான ஆய்வைச் சொல்லலாம். அதில் 442 பெண்கள் பங்கேற்றார்கள். நேரில் ஆலோசனை பெற்றவர்களுக்கு இரண்டு ஆண்டு முடிவில் சராசரியாக 7.4 கிலோவும், தொலைபேசியில் பெற்றவர்களுக்கு 6.2 கிலோவும், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்கு 2 கிலோவும் குறைந்திருந்தன. இதைப் படிக்கும்போது இரண்டு செய்திகளை மறக்கக் கூடாது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அந்த நிறுவனமே. மேலும் பங்கேற்றவர்களுக்கு உணவும் ஆலோசனையும் இலவசம். சொந்தப் பணத்தில் வாங்குகிறவர்கள் இரண்டு ஆண்டு தாக்குப்பிடிப்பார்களா என்பதற்கு இந்த ஆய்வில் விடை இல்லை. அங்கேகூட எல்லா வேளையும் உறைச் சாப்பாட்டிலேயே அவர்களை வைத்திருக்கவில்லை, படிப்படியாகச் சொந்தச் சமையலுக்கு நகர்த்தினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வணிகத் திட்டங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு மதிப்பாய்வு வந்தது. ஒப்பீட்டுக் குழுவைவிட ஓராண்டில் ஏறக்குறைய 5 சதவீதம் கூடுதலாக எடை குறைந்தது ஜென்னி க்ரெய்க்கில். உணவை வீட்டுக்கே அனுப்பும் நியூட்ரிசிஸ்டம் என்ற இன்னொரு திட்டத்துக்கு மூன்று மாதக் கணக்குத்தான் இருந்தது. அதில் ஏறக்குறைய 4 சதவீதம். விளம்பரப் படங்களில் பார்க்கும் மாற்றத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் 94 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 5 சதவீதம் என்பது ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் மாற்றம் தெரிய அது போதும்.

இவை எல்லாவற்றையும்விட உங்கள் கேள்விக்கு அருகில் வருவது 1996-இல் வெளியான இன்னோர் ஆய்வு. 163 பெண்களில் ஒரு பகுதியினருக்கு நடத்தைப் பயிற்சி மட்டும் தந்தார்கள். மற்றொரு பகுதியினருக்கு அதனுடன், என்ன சாப்பிட வேண்டும் என்ற துல்லியமான வேளைத் திட்டத்தையும் கடையில் வாங்க வேண்டியவற்றின் பட்டியலையும் தந்தார்கள். இன்னும் சிலருக்கு உணவையே கொடுத்தார்கள். திட்டமும் பட்டியலும் பெற்றவர்களுக்குப் பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட அதிகமாக எடை குறைந்தது. உணவையே பெற்றவர்கள், பட்டியல் பெற்றவர்களை முந்தவில்லை. அப்படியானால் வேலை செய்வது உறைக்குள் இருக்கும் உணவு அல்ல. முன்கூட்டியே முடிவாகிவிட்ட அளவுதான் வேலை செய்கிறது.

அடுப்படி:

மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அளவு சரியாக இருந்தால் போதும், உள்ளே என்ன இருந்தாலும் பரவாயில்லை என்ற முடிவுக்கு இந்த உரையாடல் போய்க்கொண்டிருக்கிறது. உறையின் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். கெட்டிப்படுத்தும் மாவுப்பொருள், சுவையூட்டி, நிறமூட்டி, வீட்டில் யாரும் வைத்திருக்காத எண்ணெய் என்று பத்து வரிக்குப் பட்டியல் நீளும். 2019-இல் வெளியான, கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழுவினர் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் இருபது பேரை நான்கு வாரம் தங்கவைத்து நடத்திய ஆய்வை எல்லோரும் அறிவீர்கள். மிகையாகப் பதப்படுத்திய உணவைத் தந்த இரண்டு வாரத்தில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடையும் சுமார் ஒரு கிலோ ஏறியது. பதப்படுத்தாத உணவைத் தந்த இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. எடையை ஏற்றுகிற உணவையே சிறிய தட்டில் வைத்து, எடை குறைக்கும் உணவு என்று விற்பது எப்படிச் சரியாகும்?

உப்பையும் யாரும் பேசவில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள், அதாவது சுமார் 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது. ஓர் உறையில் 600, 700 மில்லிகிராம் இருப்பது அரிதல்ல. மூன்று வேளையும் உறைச் சாப்பாடு என்றால் அதிலேயே வரம்பு நிரம்பிவிடும்.

சமைக்கத் தெரிந்தவருக்கு இது தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

தராசுமுள்:

அடுப்படி அவர்களே, உங்கள் எதிர்ப்பில் பாதியை நான் அப்படியே ஏற்கிறேன். உப்பைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கலோரி வரிக்கு முன்பே சோடியம் வரியைப் படிக்க வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களுக்கு எப்போதும் சொல்வேன்.

ஆனால் ஹால் ஆய்வில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அதில் பங்கேற்றவர்கள் விரும்பிய அளவு சாப்பிடலாம்; தட்டு காலியானால் நிறுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லை. அளந்து வரும் உறையில் அந்தச் சுதந்திரம் இல்லாததால், 500 கலோரிக் கணக்கை இங்கே நேராகப் பொருத்த முடியாது. அந்த ஆய்விலிருந்து நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை வேறு. மென்மையான, விரைவாக விழுங்கக்கூடிய உணவு, வயிறு நிறைந்த தகவல் மூளைக்குப் போகும் முன்பே தீர்ந்துவிடுகிறது. ஆகவே ஒரே கலோரி அளவுள்ள இரண்டு உறைகளில், நார்ச்சத்தும் புரதமும் அதிகமுள்ளதையும், மென்று சாப்பிட வேண்டியதையும் தேர்ந்தெடுத்தால் பசி தாங்கும். பக்கத்தில் ஒரு கிண்ணம் பச்சைக் காய்கறியை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. தட்டின் அளவு பெருகும், கலோரி பெரிதாக ஏறாது.

உறையில் அச்சிட்ட கலோரியையும் கல்வெட்டாக நம்ப வேண்டாம். 2010-இல் வெளியான பாஸ்டன் சோதனையில், உறைந்த நிலையில் விற்கும் உணவுகளில் அச்சிட்டதைவிடச் சராசரியாக 8 சதவீதம் கூடுதல் கலோரி இருந்தது. உணவகச் சாப்பாட்டில் 18 சதவீதம். நானே ஒருமுறை ஒரு தட்டைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். உறையில் 280 கிராம் என்று போட்டிருந்தது. உள்ளே 306 கிராம் இருந்தது. இப்படிப்பட்ட பிழை வீட்டில் கண்மதிப்பாகப் போட்டுக்கொள்வதில் நேரும் பிழையைவிடச் சிறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சமைக்கத் தெரிந்தவருக்கு இது தேவையில்லை என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நன்றாகச் சமைக்கத் தெரிந்த பலர் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்குச் சமையல் தெரியாமல் இல்லை. அசந்துபோன நேரத்தில் முடிவெடுக்கும் தெம்புதான் இல்லை. இந்த இழையைத் தொடங்கியவரின் நிலையும் அதுவே.

அடுப்படி:

ஏற்கிறேன். விடிகாலையில் வேலை முடித்து வருகிறவரிடம் காய் நறுக்கச் சொல்வது எளிது, செய்வது எளிதல்ல. ஓய்வுநாளில் சமைத்து, அளந்து, டப்பாக்களில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் வைத்துக்கொண்டால், அதுவும் முன்கூட்டியே முடிவான அளவுதானே என்று கேட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

நீலவானம்:

இதுவரை யாரும் தொடாத ஒன்றை நான் சொல்லியே ஆக வேண்டும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இத்தகைய திட்டத்தில் சேரவே கூடாது.

நான் சேர்ந்தேன். இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பதிவு செய்தபோது உயரமும் எடையும் வயதும் கேட்ட அந்த நிறுவனத்தார், மருந்து பற்றிப் படிவத்தின் ஒரு கட்டத்தில் 'உண்டு' என்று குறிக்கச் சொன்னதோடு விட்டுவிட்டார்கள். நான்காம் நாள் மாலை நான்கு மணிக்கு, உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு வியர்த்து, விரல் நடுங்கி, எதிரே இருந்த எழுத்து மங்கியது. சோதித்துப் பார்த்தால் சர்க்கரை 58. முந்தைய சாப்பாட்டு அளவுக்கு என்று எழுதிக்கொடுத்த மாத்திரை, சாப்பாடு பாதியானதும் அதிகமாகிவிட்டது. கூட வேலை செய்த அக்கா ஒருவர் சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தனியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

அதன் பிறகு மருத்துவரின் மேற்பார்வையில் தொடர்ந்தேன். டைரெக்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வைப் பற்றி அவர்தான் விளக்கினார். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்த, இன்சுலின் போடாத 306 பேர் அதில் பங்கேற்றார்கள். அவர்களில் ஒரு பாதியினருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி தரும் கரைசல் உணவு மட்டும் கொடுத்தார்கள். சர்க்கரை மருந்தையும் இரத்த அழுத்த மருந்தையும் தொடக்கத்திலேயே நிறுத்தினார்கள். 2017-இல் வெளியான ஓராண்டு முடிவின்படி, அந்தப் பாதியில் 46 சதவீதத்தினர் மருந்தில்லாமல் நோய் தணிந்த நிலைக்கு வந்திருந்தார்கள். மற்றப் பாதியில் 4 சதவீதம். இரண்டாம் ஆண்டில் அந்த 46 என்பது 36 ஆகக் குறைந்தது, அதற்குப் பிறகு இன்னும் குறைந்தது. கரைசலை நிறுத்திய பிறகு இரண்டு முதல் எட்டு வாரம் வரை வழக்கமான உணவை ஒவ்வொரு வேளையாகத் திரும்பக் கொடுத்தார்கள், அதன் பிறகும் மாதந்தோறும் வரவழைத்துப் பார்த்தார்கள் என்று மருத்துவர் சொன்னது என் மனத்தில் நன்றாகப் பதிந்தது. நான் பணம் கட்டிய திட்டத்தில் திரும்பக் கொடுப்பது என்ற பகுதியே இல்லை.

தராசுமுள்:

நீலவானம் எழுதியதை எல்லோரும் இரண்டு முறை படியுங்கள். இன்சுலின், இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகள், இரத்த அழுத்த மாத்திரைகள், இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் ஆகியவற்றை எடுக்கிறவர்கள் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். கருவுற்றவர்கள், பாலூட்டுகிறவர்கள், வளரும் பிள்ளைகள், உணவை வெறுப்பதும் அளவின்றி உண்பதுமான கோளாறு இருந்தவர்கள் ஆகியோருக்கு இவை ஆகாது. நாளொன்றுக்கு 800 கலோரிக்குக் குறைவான எதுவும் மருத்துவ மேற்பார்வைக்கு உரியது. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் பித்தப்பையில் கல் உருவாகும் அபாயம் கூடுகிறது.

இரவுப்பணியாளர்:

எனக்குச் சர்க்கரை இல்லை; அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை மட்டும் எடுக்கிறேன். மருத்துவரிடம் முன்பதிவு செய்துவிட்டேன்.

இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. திரும்ப ஏறுவதற்குக் காரணம் நம் பழக்கம் மட்டும்தானா, அல்லது உடம்பும் அதற்குத் துணைபோகிறதா? பழக்கம் மட்டும் என்றால் திருத்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இருக்கிறது.

தராசுமுள்:

உடம்பும் துணைபோகிறது. 2011-இல் வெளியான மெல்பர்ன் ஆய்வு ஒன்றில் ஐம்பது பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரித் திட்டம் தந்தார்கள், அதுவும் உறையில் வரும் மாற்று உணவைக் கொண்டுதான். சராசரியாக 13.5 கிலோ குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடியது, நிறைவைச் சொல்லும் லெப்டின் வீழ்ந்தது. இது எதிர்பார்த்ததே. ஆனால் ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும் அந்தச் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை; பசி கூடுதலாகவே இருந்தது. எடை பத்து சதவீதம் குறைந்தால், சிறுத்த உடம்புக்குக் கணக்குப்படி ஆகவேண்டிய செலவைவிடவும் ஆற்றல் செலவு குறைகிறது என்பதை 1995-இலேயே காட்டிவிட்டார்கள்.

இதை உங்களை மனம் தளரவைக்கச் சொல்லவில்லை. எடை திரும்பியவர்கள் தங்களையே நொந்துகொண்டு உட்கார்ந்திருப்பதை வாரந்தோறும் பார்க்கிறேன். அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரி 1988 நவம்பரில் கரைசல் உணவால் 67 பவுண்டு, அதாவது 30 கிலோ இறக்கிவிட்டு, அந்த எடைக்கு இணையான கொழுப்பைச் சிறு வண்டியில் வைத்து மேடைக்கு இழுத்துவந்தார். வசதிக்கும் உதவிக்கும் குறைவே இல்லாத அவருக்கும் எடை திரும்பியது. அது அவருடைய மனவுறுதியின் குறை அல்ல. பசி கூடுகிற அந்த ஆண்டைத் தாண்டும் ஏற்பாடு இருக்கிறதா என்பதே ஒரு திட்டத்தைப் பார்த்து நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கணக்கர்:

பணத்தைப் பற்றி ஒரு சொல். உறை ஒன்றின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா, நடுவில் நிறுத்தினால் மீதம் திரும்புமா, குறைந்தது எத்தனை மாதம் கட்ட வேண்டும் என்பதையும் பாருங்கள். நான் சேர்ந்த ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி மூன்று முறை எழுதிய பிறகும் இரண்டு பெட்டிகள் வந்தன, பணமும் போனது. அந்த இரண்டு பெட்டிகளையும் வீணாக்க மனமில்லாமல், பசிக்காத நேரத்திலும் சாப்பிட்டேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

நிறுவனம் நிலைக்கும் என்ற உறுதியும் இல்லை. 1983-இல் மெல்பர்னில் தொடங்கிய ஜென்னி க்ரெய்க், நாற்பது ஆண்டு நடத்திவிட்டு 2023-இல் தன் நிலையங்களை மூடியது. வேறொருவர் கைக்குப் போய் இணையவழியில் பிறகு திரும்பியது உண்மைதான். ஆனால் நடுவில் இருந்தவர்களுக்கு அடுத்த வாரச் சாப்பாட்டை யார் அளந்து கொடுத்திருப்பார்கள்?

ஏழாம்படி:

இரண்டாம் முறையைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

திரும்பிய 8 கிலோவோடு மறுபடி சேர்ந்தபோது, மூன்று வேளைக்கும் வாங்கவில்லை. எனக்குக் கை மீறுவது மதியமும் இரவும்தான் என்பதால் அந்த இரண்டு வேளைக்கு மட்டும் வாங்கினேன். முதல் நாளிலிருந்தே காலி உறைத் தட்டை எறியாமல் கழுவி வைத்தேன். அதில் பெரிய பள்ளம் ஒன்று, சிறிய பள்ளம் இரண்டு உண்டு. வீட்டில் சமைக்கும் நாளில், சமைத்ததை முதலில் அந்தக் காலித் தட்டில் பள்ளம் பள்ளமாக நிரப்பி, பிறகு என் சாப்பாட்டுத் தட்டில் கவிழ்த்துக்கொள்வேன். முதல்முறை கவிழ்த்தபோது என் தட்டில் பாதிகூட நிறையவில்லை. அன்றே சின்னத் தட்டுக்கு மாறினேன். நம் கை எண்ணெய்க்குக் கணக்கு வேறு என்பதால் (தராசுமுள் இங்கே சொன்னதும் அதைத்தான்), எண்ணெயை மட்டும் தேக்கரண்டியால் அளந்து ஊற்றினேன்.

பத்து வாரத்துக்குப் பிறகு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வாரத்தில் இரண்டு உறைகளைக் குறைத்து அந்த வேளைகளைச் சொந்தச் சமையலுக்கு மாற்றினேன். திங்கட்கிழமை காலை எழுந்ததும் எடை பார்த்து எழுதிவைப்பேன். ஒன்றரைக் கிலோ ஏறினால் அந்த வாரம் மறுபடி உறைக்குத் திரும்புவது என்று விதி வைத்திருந்தேன். நான்கு முறை திரும்பியிருக்கிறேன். முழுதாக விட்டு இப்போது 22 மாதம் ஆகிறது. இறங்கிய 9 கிலோவில் ஒன்றரை ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கறுப்புத் தட்டின் விளிம்பு ஒரு பக்கம் விரிசல் விட்டுவிட்டது, இன்னும் பயன்படுத்துகிறேன்.

நீலவானம்:

ஏழாம்படி சொல்லும் முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். குடும்பத்தார் ஒரு சாப்பாடு, நாம் தனியாக உறை என்று மாதக்கணக்கில் இருப்பது மனத்துக்குப் பாரம். என் மகள் ஒருநாள் 'அம்மா, நீங்கள் எங்களோடு எப்போது சாப்பிடுவீர்கள்?' என்று கேட்டாள். அன்று முதல் இரவு வேளையை உறையிலிருந்து விடுவித்து எல்லோரோடும் உட்கார்ந்தேன். இறங்கும் வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

இரவுப்பணியாளர்:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். மருத்துவர் அழுத்த மாத்திரையைத் தொடரச் சொல்லி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து காட்டச் சொன்னார். மூன்றாவது சந்திப்பில் மாத்திரையின் அளவைப் பாதியாக்கினார்.

சேருவதற்கு முன், வேலை முடிந்து வந்த ஒரு காலையில் வழக்கமாக நான் போட்டுக்கொள்ளும் தட்டைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 780 கிராம். உறையில் வருவது 310. இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். பணிக்குப் போகும் நான்கு நாள்களில், நடு இரவுக்கும் விடிந்து வந்த பிறகும் உறை. மற்ற வேளைகளிலும் ஓய்வுநாள்களிலும் சொந்தச் சமையல். அடுப்படி அவர்கள் சொன்னபடி ஓய்வுநாளில் ஆறு டப்பாக்களும் நிரப்பி வைக்கிறேன். எடை இப்போது 89.4.

சென்ற வாரம் விடிகாலை உறை ஒன்றை முதன்முறையாக நிறுத்திவிட்டு, நானே சமைத்ததைக் கண்மதிப்பாகப் போட்டுக்கொண்டு பிறகு தராசில் வைத்தேன். 415 கிராம் காட்டியது. நூறு கிராமைப் பாத்திரத்திலேயே திரும்பப் போட்டேன். நேற்று, அளக்காமல் போட்ட பிறகு வைத்துப் பார்த்தபோது 340 இருந்தது.

ஏழாம்படி:

340 நல்ல கண். தராசை இன்னும் சில மாதம் சமையல் மேடையிலேயே வைத்திருங்கள், உள்ளே எடுத்து வைத்துவிடாதீர்கள்.